அண்ணன் பட்டதாரி இல்லை என்பதற்கு ஆதாரம்

அரசாங்கத்திடம் உதவி கேட்டுப் போனால், உன்னிடம் என்னென்ன இல்லை என்றுதான் முதலில் கேட்பார்கள். இல்லாத விஷயத்தில் எங்கள் வீடு நல்ல வசதி. நிலம் இல்லை, சேமிப்பு இல்லை, அப்பாவுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்று வாழ்க்கையிலேயே இருந்ததில்லை. வாழைத்தார் ஏலம் விடும் இடத்தில் அவர் தரகர். தார் விற்றால் சாப்பாடு, விற்காவிட்டால் வாழைப்பழம். வருமானச் சான்றிதழை எல்லாம் நான் சிரமமே இல்லாமல் வாங்கிவிட்டேன். முதல் பட்டதாரிச் சான்றிதழில்தான் மாட்டிக்கொண்டேன்.

அந்தச் சலுகைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். வீட்டில் பெரியவர்களோ கூடப்பிறந்தவர்களோ யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, கட்டிக்கொண்டு வந்த மருமகள் கணக்கில் இல்லை. அப்படியிருந்தால், கலந்தாய்வில் பொறியியல் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடி. அது கிடைத்தால் எனக்குக் கல்லூரி. கிடைக்காவிட்டால் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கப் போகலாம் என்று அப்பா முன்கூட்டியே சொல்லியிருந்தார். எனக்குச் சேலை கட்டவே வராது, மடிப்பது எங்கே.

எங்கள் வீட்டில் பட்டதாரி யாரும் கிடையாது, அது சத்தியம். ஆனால் ஊருக்கு அது தெரியாது. பத்தமடையைத் தாண்டி வாய்க்கால் கரையில் இருக்கும் எங்கள் ஊரைப் பொறுத்தவரை என் அண்ணன் பி.காம். அவன் கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்தாயிற்று.

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் படிப்பு இல்லையென்றால் வேட்டி கட்டாமல் மேடை ஏறிய மாதிரி. பெண்ணுக்கு பி.எஸ்சி. என்று போட்டிருந்தது. அச்சகத்துக்காரர் எங்கள் அப்பாவைப் பார்த்து மாப்பிள்ளைக்கு என்ன போட என்று கேட்டார். பாளையங்கோட்டையில் மூன்று வருடம் படித்த அண்ணன் சில தாள்களை மட்டும் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருந்தான். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் பி.காம். போடச் சொன்னார். அண்ணன் நெளிந்தபோது அவர் சொன்ன நியாயம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"மூணு வருசம் பீஸ் கட்டிருக்கேம்லா? நீ பாஸாகலன்னு துட்டத் திருப்பியா குடுத்தான்? பட்டம் நமக்குச் சேர வேண்டியதுதாம்லே."

கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் மெயின்ரோட்டில் செல்போன் கடை போட்டான். கடைப் பலகையிலும் அவன் பேருக்குப் பக்கத்தில் பி.காம். ஏறிக்கொண்டது. செல்போனுக்குக் கண்ணாடி ஒட்ட பி.காம். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மதினியின் அப்பா அரிசிக்கடை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை வரும்போதெல்லாம் அந்தப் பலகையை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கடைக்குள் வருவார். யாரிடம் பேசினாலும் நாலாவது வார்த்தையில் 'நம்ம மாப்ள பி.காமு' வந்துவிடும்.

நான் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டேன். இரண்டாம் நாளே கிராம நிர்வாக அலுவலர் அழைத்தார். நல்ல மனுஷன்தான், கேடு என்னவென்றால் ஞாபகசக்தி அதிகம். அண்ணன் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். சொதி நன்றாக இருந்தது என்பதிலிருந்து ஆரம்பித்து, பத்திரிகையில் பார்த்த பி.காமுக்கு வந்து சேர்ந்தார். அண்ணன் பட்டதாரியாக இருக்கும்போது நான் எப்படி முதல் பட்டதாரி ஆக முடியும் என்று கேட்டார். அது பத்திரிகைக்காகப் போட்டது என்றேன். பொய் சொல்வது பத்திரிகையா நீயா என்று எனக்குத் தெரியாது, அண்ணன் பாஸாகவில்லை என்பதற்கு ஆதாரம் கொண்டு வா, உள்ளூரிலும் விசாரிப்பேன் என்று அனுப்பிவிட்டார்.

அன்று வீட்டில் நடந்த கூட்டத்தை எந்தச் சட்டமன்றத்திலும் பார்க்க முடியாது. அண்ணனைச் சித்தப்பா மகன் என்று சொல்லிவிடலாம் என்றார் அப்பா. அவருக்கு ஒரு பொய்யைச் சரிசெய்ய இன்னொரு பொய்தான் கைவரும். பெற்றவளை வைத்துக்கொண்டு என்ன பேச்சு என்று அம்மா கரண்டியைத் தூக்கினாள். மதினி பேறுகாலம் முடிந்து தன் அம்மா வீட்டில் இருந்தாள். அவன் பாஸாகாதது அவளுக்கும் தெரியாது, அதனால் அவள் அங்கே இருந்தது ஒன்றுதான் அண்ணனுக்கு நிம்மதி. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு அவன்மேல் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இவன் பாஸாகியிருந்தால் ஒரு வழி, ஃபெயிலென்று ஒத்துக்கொண்டிருந்தாலும் ஒரு வழி. நடுவில் நின்று என் கழுத்தை அறுக்கிறானே என்று ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை அவனே சட்டையை மாட்டிக்கொண்டு, "வாட்டி, காலேஜுக்குப் போவோம்" என்றான்.

மேலப்பாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். கல்லூரி அலுவலகத்தில் இருந்த கிளார்க்குக்கு நாங்கள் கேட்டது முதலில் புரியவில்லை. பாஸானதற்குச் சான்றிதழ் கேட்டு வருவார்கள், பாஸாகாததற்கு அத்தாட்சி கேட்டு வந்த முதல் ஆள் நீர்தான் என்று அண்ணனிடம் சொன்னார். பழைய பதிவுகளைத் தேடி எடுத்த பிறகு அவருக்கு அண்ணன்மேல் கரிசனம் பிறந்துவிட்டது. மூன்று தாள்தானே, எழுதிவிடலாமே, பழைய ஆட்களுக்குச் சிறப்பு வாய்ப்பு ஒன்று வரப்போகிறது என்றார்.

"பாஸாயிட்டா இவளுக்குச் சலுகை போயிருமே சார்" என்றான் அண்ணன்.

கிளார்க் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிலுவைத் தாள்களைக் குறித்து முத்திரை வைத்துக் கொடுத்தார். அண்ணன் ஃபெயிலானதால் ஒரு ஆளுக்கு நன்மை வந்தது அன்றுதான் முதல்முறை. பஸ் ஸ்டாண்டில் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்தான். அவன் குடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதினியையும் பச்சைப்பிள்ளையையும் கொண்டுவிட அவள் அப்பா வந்தார். எங்கள் யோகம், கிராம நிர்வாக அலுவலரும் அன்று மாலைதான் உள்ளூர் விசாரணைக்கென்று அண்ணன் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அதிகாரிகள் வெளியே வரமாட்டார்கள் என்று எங்கள் அப்பா அடித்துச் சொல்லியிருந்தார். அவர் அடித்துச் சொன்னது எதுவும் அதுவரை நடந்ததில்லை.

அலுவலர் கல்லூரி கொடுத்த காகிதத்தைப் படித்தார், சரி என்றார். பிறகு பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்வே, மேல பி.காம்னு எழுதிக்கிட்டுக் கீழ இல்லன்னு காயிதம் குடுத்தா நான் எப்படிக் கையெழுத்துப் போடுதது? நாளைக்கு எவனாவது போட்டோ பிடிச்சு மனுப் போட்டாம்னா எனக்குல்லா வேலை போவும்."

டீக்கடை, வாழைத்தார் லாரி, பஸ்ஸுக்கு நின்றவர்கள், கைப்பிள்ளையோடு மதினி, அவளுக்குப் பக்கத்தில் அல்வாப் பொட்டலத்தோடு அவள் அப்பா, எங்களுக்கு மாமா. எல்லாரும் அங்கேயே இருந்தார்கள். நாளைக்கு அழித்துவிடுகிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கலாம். நான்கூட அதைத்தான் எதிர்பார்த்தேன். அவன் உள்ளே போய் ஸ்டூலைக் கொண்டுவந்தான். கல்யாணத்துக்கு வீட்டு ஜன்னலுக்கு அடித்த பெயிண்டில் மிச்சம் ஒரு டப்பா கடையில் கிடந்தது, நல்ல இலைப் பச்சை. மஞ்சள் பலகையில் தன் பேருக்குப் பக்கத்தில் பி.காம். இருந்த இடத்தில் பச்சையாக ஒரு கட்டம் அடித்தான். ஸ்டூல் ஆடியது. நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, அந்த பெயிண்ட் என் தலையிலும் சொட்டியது.

இறங்கியதும் மாமா கேட்டார், "எத்தன பேப்பரு மாப்ள?"

"மூணு மாமா."

"கடைல கணக்கு சரியா வருதா?"

"வருது."

"அப்பம் சரி" என்று அல்வாவை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். அப்பம் சரி என்றாரே தவிர, அதற்குப் பிறகு பல மாதம் அவர் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. ஊர்ப் பையன்கள் அண்ணனை 'முன்னாள் பி.காம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பச்சைக் கட்டத்தைப் பார்த்து எந்தக் கட்சியில் சேர்ந்தாய் என்று வெளியூர் ஆட்கள் விசாரித்தார்கள்.

மதினிக்குப் பட்டம் போனதில் வருத்தமில்லை. புருஷன் தன்னிடம் சொல்லாததை நடுரோட்டில் பெயிண்ட் டப்பா சொன்னதே என்றுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு வாரம் அவனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பேச ஆரம்பித்ததும் முதலில் சொன்னது, முன்னமே சொல்லியிருந்தால் நானே சொல்லிக்கொடுத்திருப்பேனே, நான் பி.எஸ்சி. மேத்ஸ்தானே என்பது.

எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. கல்லூரியில் சேர்ந்தேன். ஒவ்வொரு வருடமும் சலுகைப் பட்டியலில் என் பேர் வந்ததா என்று அலுவலகத்தில் எட்டிப் பார்ப்பதும், வராவிட்டால் போய்த் தொங்குவதுமாக, பாடத்தைவிட அதையே நன்றாகப் படித்தேன். முதல் வருடத்தில், கிளார்க் சொன்ன அந்தச் சிறப்பு வாய்ப்பு வந்தது. மதினி பழைய புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்து வைத்தாள். அண்ணன் அவற்றைத் தொடவில்லை. தங்கச்சி முடிக்கட்டும் என்று சொல்லிவிட்டானாம். நடுவில் அவன் பாஸானால் உண்மையில் என் சலுகை போயிருக்குமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. போய்க் கேட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. நான் முடித்து வருவதற்குள் அந்த வாய்ப்பு முடிந்துபோனது. இதையெல்லாம் மதினி சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

போன ஆவணியில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அதே அச்சகம், அதே ஆள். அண்ணன் கல்யாணத்துக்கு அடித்ததைப் பார்த்து அவர் பேர்களைச் சேர்த்து, சரிபார்க்க ஒரு பிரதி கொடுத்தனுப்பியிருந்தார். மதினி பேருக்குப் பின்னால் பி.எஸ்சி. அத்தை என்ற இடத்தில் என் பேர், பின்னால் பி.இ. அப்பன் என்ற இடத்தில் அண்ணன் பேர், அதற்குப் பின்னால் பழையபடி பி.காம்.

பிரதி வந்த அன்று மாமாவும் வந்திருந்தார். அப்பா பிரதியைப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது, அப்படியே அடிக்கட்டும் என்றார். எனக்கு வேலை கிடைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சலுகை முடிந்த கதை. இனி எந்த அதிகாரியும் எங்கள் வீட்டுப் பட்டங்களை எண்ணப் போவதில்லை. அண்ணன் ஒரு பேனா வாங்கி பி.காமை மட்டும் அழுத்தி அடித்தான்.

"இருந்துட்டுப் போட்டுமேலே, யாரு கேக்கப் போறா?" என்றார் அப்பா.

"இருந்தா இவ மொத பட்டதாரி இல்லன்னு ஆயிரும்லாப்பா" என்றான் அண்ணன்.

மாமா அந்தப் பிரதியைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்துப் படித்தார். பிறகு அதை மடித்து அண்ணன் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அச்சகத்துக்குத் தானும் கூட வருவதாகச் சொல்லி எழுந்தார்.