வாசலில் நின்ற ரதம்

பினாங்கு துறைமுகத்தில் நான் மூட்டை சுமந்த காலம் அது. எங்கள் ஒரே மகன் காய்ச்சலில் இறந்தபோது, "இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன்" என்று முருகனிடம் சொல்லிவிட்டேன். மனைவி செல்லம்மா விளக்கேற்றினால்கூட எழுந்து வெளியே போய்விடுவேன்.

அந்த ஆண்டு தைப்பூசத்துக்கு முந்தின நாள் முருகனின் வெள்ளி ரதம் எங்கள் தெரு வழியாகத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் புறப்பட்டது. செல்லம்மா தேங்காய்த் தட்டோடு வாசலில் நின்றாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். நெருங்கி வந்த மேளச்சத்தம் திடீரென்று நின்றது. அவள் கதவைத் தட்டினாள்.

"ஏங்க, சக்கரம் சாக்கடையில இறங்கிடுச்சு. நம்ம வாசல்லயேதான் சாமி நிக்குது!"

"நிக்கட்டும்!" என்று கத்தினேன்.

"நீங்க போகலன்னாலும் அவரு வந்துட்டாரு. மனசுல உள்ளதை நேராவே கேட்டுடுங்களேன்."

ஆத்திரத்தோடு வெளியே பாய்ந்து சக்கரத்துக்குத் தோள் கொடுத்தேன். "என் பிள்ளையை எடுத்துக்கிட்டு என் வாசலுக்கே வர்றியா? போ!" என்று அழுதுகொண்டே தள்ளினேன். கூடத் தள்ளியவர்கள் அதை வேண்டுதல் என்று நினைத்து, "அரோகரா!" என்றார்கள். ரதம் சட்டென்று மேலேறியது. நான் சேற்றில் குப்புற விழுந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் செல்லம்மா சிரிக்கிறாள். மகன் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு பொங்கிவிட்டது. அந்தச் சேற்றோடேயே இருவரும் ரதத்தின் பின்னால் மலைவரை நடந்தோம்.

கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. கேட்க வேண்டியதை அவனிடமே போய்க் கேட்கிறேன். மற்றவர்கள் பக்தி என்று சொல்வது எனக்கு இப்படித்தான் வாய்த்தது.