நெல்மூட்டை அறையில் ஓர் ஒப்பாரி

இதை நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப்போவதில்லை. ஆனால் நடந்தது இதுதான். ஊர்ப் பேரை மட்டும் கேட்காதீர்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகிற பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு குழந்தையும் இருக்கிறது.

அன்பரசன் எனக்குப் பல வருஷப் பழக்கம். அவன் பதிவு செய்கிற கோயில் பாட்டுகளுக்கு நான் கீபோர்டு வாசிப்பேன். ஸ்டுடியோ என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வீட்டுப் பின்பக்கத்தில் நெல் போட்டு வைக்கிற அறை. ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு ஹெட்போன். நாலு சுவரையும் ஒட்டி நெல் மூட்டைகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருப்பான். கதவின் உள்பக்கம் பஞ்சு மெத்தையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பான். உள்ளே கை தட்டினால் சத்தம் தட்டின இடத்திலேயே அமுங்கிப் போகும். சென்னைக்காரன் காசைக் கொட்டிச் செய்கிறதை நீ நெல்லைக் கொட்டியே செய்துவிட்டாயே என்று நான் கிண்டல் செய்வதுண்டு.

பதிவெல்லாம் உச்சி வேளையில்தான். ராத்திரியில் தவளைகள் விடாது. காலையில் அறுவடை மெஷின் இரைச்சல். மெஷின்காரர்கள் சாப்பிட்டுவிட்டு மர நிழலில் சாய்கிற நேரம் மட்டும் ஊர் அடங்கும். உச்சி வேளை ஆகாத வேளை என்று ஊரே பயந்து உள்ளே கிடப்பது இவனுக்கு வசதியாகப் போயிற்று.

போன குறுவை அறுப்பு சமயத்தில் நெடுமாறன் வந்தான். மைக்செட் வாடகைக்கு விடுகிறவன்.

"மாப்ள, எழவு வீட்டுக்குப் போட ஒரு ஒப்பாரி வேணும். நாள் முழுக்க ஓடணும். நடுவுல நிக்கவே கூடாது."

"அம்சவல்லி அத்தையப் பாட வெச்சுரலாம்," என்றான் அன்பரசன்.

அம்சவல்லிக்கு ஐம்பது வயதிருக்கும். நடவுக்கும் போவாள், சாவு வீட்டில் பாடவும் போவாள். இரண்டிலும் கை வேகம். வாய் அதைவிட வேகம். ஆனால் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்து, மெத்தை தொங்கும் கதவையும் மைக்கையும் பார்த்ததும் அந்த வாய் அடங்கிவிட்டது.

"பொணம் இல்லாத வீட்ல ஒப்பாரி பாடக் கூடாதுப்பா. யாரை நெனச்சு அழுவுறது?"

"சும்மா பாடுங்க அத்த. ரெக்கார்டிங்குதானே."

"சும்மால்லாம் அழுவ வராது. செத்துப்போனவங்க பேரு ஒண்ணு சொல்லு."

தன் அப்பா பேரைச் சொல்லியிருக்கலாம். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் அப்பாவை இன்னொரு தடவை சாகடிக்க அவனுக்கு மனசு வரவில்லை. யாருக்கும் கெடுதல் வேண்டாம் என்று, இல்லாத ஒரு ஆளை உண்டாக்கினான்.

"வேம்புன்னு வெச்சுக்குங்க. சின்னப் பொண்ணு."

"யாரு வூட்டுப் பொண்ணு?"

"யாரு வூட்டுப் பொண்ணும் இல்ல. சும்மா ஒரு பேரு."

நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு செய்கிற முட்டாள்தனத்துக்குத்தான் மருந்தே கிடையாது.

அம்சவல்லி கண்ணை மூடினாள். நெஞ்சில் கை வைத்தாள்.

"நாத்து முடி கட்டி வெச்சேன், என் மகளே... நடவுக்கு நீ வரலியே..."

அன்பரசன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். அப்படி ஒரு குரல். நிறுத்தாமல் பாடினாள். வழியனுப்புகிற கடைசி அடிக்கு வாயெடுத்தபோது அவன் கையைக் காட்டித் தடுத்தான்.

"போதும் அத்த. முடிவு வேணாம். சுத்திச் சுத்தி ஓடுற மாதிரிப் பண்ணணும்."

"வழியனுப்பாம நிறுத்தக் கூடாதுடா. கூப்புட்டு வெச்சுட்டு அப்படியே வுட்டுட்டுப் போறதா?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். நேராக வாய்க்காலுக்குப் போய்த் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். இவன் முகம்கூடக் கழுவவில்லை.

மறுநாள் மிக்சிங். சாவு வீட்டுக்கு ஒற்றைக் குரல் போதாது. அம்சவல்லியின் குரலையே நாலு பிரதியாக்கினான். ஒன்றைக் கொஞ்சம் தாமதமாக்கி, ஒன்றின் சுருதியை லேசாக இறக்கி, இடமும் வலமுமாகப் பிரித்து வைத்தான். கேட்டால் நாலு பெண்கள் கட்டிப்பிடித்து அழுவது போல இருக்கும். பாட்டின் வாலையும் தலையையும் ஒட்டினான். ஒட்டின இடம் அவன் காதுக்கே தெரியவில்லை. கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டான்.

ஐந்து குரல் கேட்டது.

நிறுத்தினான். திரையைப் பார்த்தான். நாலு கோடுதான் இருந்தது. எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தான். நெல்மூட்டை அறையில் எதிரொலி ஏது? அதுவும் போக, எதிரொலி என்றால் பாடின பிறகு வர வேண்டும். இது முன்னால் வந்தது. அம்சவல்லி "நாத்து" என்று எடுப்பதற்கு ஒரு கணம் முன்னால், மெல்லிசாக... "நாத்து..."

நாலு குரலையும் ஒவ்வொன்றாக அடைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றைத் திறந்தான். அதோடு அதுவும் வந்தது.

கம்ப்யூட்டர் பழசு, அதன் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நெடுமாறனுக்கு அனுப்பிவிட்டான்.

அன்று சாயங்காலம் அவன் மகள் எழில்மொழி கூடத்தில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஐந்து வயசு. வாய் எதையோ முணுமுணுத்தது. சமையல்கட்டிலிருந்து அவன் மனைவி ஈஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"பாப்பாக்கு ஏங்க அந்த எழவுப் பாட்டச் சொல்லிக் குடுத்தீங்க?"

அவன் சொல்லிக் கொடுக்கவில்லை. பதிவு நடந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

விடிவதற்குள் குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். காய்ச்சல் மட்டும் போவதும் வருவதுமாக இருந்தது. வரும்போது குழந்தை கண்ணைத் திறக்காது. உதடு மட்டும் அசையும். அன்பரசன் அந்த உதட்டருகே காதை வைத்துக் கேட்டான். நாத்து முடி... நாத்து முடி...

வெளியே ஓடினான். நெடுமாறனுக்குப் போன் போட்டான்.

"அந்தப் பாட்டு இப்ப எங்கயாவது ஓடுதா?"

"ஆமா மாப்ள. இப்பத்தான் ஒரு எழவு வீட்ல போட்டேன். சனமெல்லாம் சும்மா கதறுது."

"நிறுத்து. ஒடனே நிறுத்து."

நிறுத்தினான். பத்து நிமிஷத்தில் குழந்தையின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. காய்ச்சல் விட்டது. அன்பரசன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். ஆனால் மத்தியானம் மறுபடி ஏறியது.

"நான் போடல மாப்ள," என்றான் நெடுமாறன். "ஆனா நாலு பேருக்குப் பென்டிரைவுல குடுத்துட்டேன். அவங்க யாருக்குக் குடுத்தாங்களோ."

வண்டியை எடுத்தான். முத்துப்பேட்டை, மன்னார்குடி, நடுவிலுள்ள கிராமங்கள். எந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்ததோ அங்கெல்லாம் போய் நின்றான். பாட்டை நிறுத்துங்கள் என்று முன்பின் தெரியாதவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டான். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஒரு வீட்டில் நெட்டித் தள்ளினார்கள். அவனுக்கு ரோஷம் வரவில்லை. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ரோஷமாவது ஒன்றாவது. விழுந்த இடத்திலிருந்தே கும்பிட்டான்.

அந்த வாசலில்தான், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே, அதைத் தெளிவாகக் கேட்டான்.

நாலு குரல் "என் மகளே" என்றது.

அதற்கு ஒரு கணம் முன்னால் ஐந்தாவது குரல்...

"எழிலு..."

அம்சவல்லி வீட்டில் போய் விழுந்தான். அவள் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆளில்லாத பேரு, ஆளில்லாத வீடு மாதிரிடா. யாரு வேணா குடி வருவாங்க. வந்ததை அனுப்பாம சுத்த வுட்டுருக்க. அதுக்குத் தொணை வேணுமாம், புள்ளையக் கூப்புடுது."

"என்ன செய்யணும் அத்த?"

"முடிச்சு வெக்கணும். வா."

உச்சி வேளை. ஈஸ்வரி ஆஸ்பத்திரியில், குழந்தையின் தலைமாட்டில். இவர்கள் இரண்டு பேரும் நெல்மூட்டை அறையில். கதவைச் சாத்தினான். மெத்தையை இழுத்துவிட்டான். ஹெட்போனை மாட்டத் தைரியம் வரவில்லை. மைக்கில் சத்தம் விழும்போதெல்லாம் திரையில் துள்ளுகிற பச்சைப் பட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாய் சுருட்டி வெச்சாச்சு, என் மகளே... பாதை பாத்துப் போயிடம்மா..."

அம்சவல்லி மூச்சு வாங்க நிறுத்தினாள்.

பட்டை துள்ளியது.

அறையில் சத்தமே இல்லை. பட்டை மட்டும் துள்ளியது.

அவள் மறுபடி பாடினாள். நிறுத்தினாள். துள்ளியது... முன்னைவிடக் குறைவாக. மூன்றாம் தடவை இன்னும் குறைவாக. பிறகு அசையவே இல்லை.

போன் அடித்தது. ஈஸ்வரி அழுதுகொண்டே பேசினாள். "எறங்கிடுச்சுங்க. கண்ணத் தொறந்துட்டா. சோறு கேக்குறா."

அன்பரசன் நெல்மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதான். முடிவைப் பாட்டில் ஒட்டி எல்லாருக்கும் அனுப்பினான். காதில் போட்டுக் கேட்கவில்லை. இந்தத் தடவை மறக்காமல் தலை முழுகினான்.

குழந்தை வீட்டுக்கு வந்தது. நன்றாகச் சாப்பிட்டது. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. படம் வரைவதை மட்டும் விட்டுவிட்டது. அப்பா என்று கூப்பிடவில்லை. காய்ச்சல் அடித்துப்போட்ட அசதி என்றாள் ஈஸ்வரி. அவனும் அப்படித்தான் நினைத்தான். நினைக்க ஆசைப்பட்டான்.

அடுத்த போகம், தாளடி நடவு வந்தது. நாற்றங்கால் கரையில் குழந்தையை உட்கார வைத்துவிட்டு ஈஸ்வரி நடவாட்களுக்குத் தேநீர் ஊற்றினாள். திரும்பிப் பார்த்தால் குழந்தை சேற்றில் இறங்கியிருந்தது. நாற்றைப் பறித்தது. காலில் தட்டி வேர்ச் சேற்றை உதறியது. ஒரே சுற்றில் முடி போட்டு வீசியது. வயலுக்குள்ளேயே இறங்கியறியாத பிள்ளை.

நடவாட்கள் சிரித்தார்கள். ஈஸ்வரியும் சிரித்தாள். அம்சவல்லி மட்டும் சிரிக்கவில்லை. வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் நெடுமாறன் போன் செய்தான். "மாப்ள, பாட்டு முடிவுல ஏதோ கொழந்த சத்தம் கேக்குது. அதை எடுத்துட்டுக் குடு."

அன்பரசன் அந்தப் பதிவைத் திறந்தான். ஹெட்போனை மாட்டினான். அம்சவல்லி மூச்சு வாங்கிய இடத்துக்குப் போய், சத்தத்தை முழுசாக ஏற்றினான்.

மெத்தைக்கு அந்தப் பக்கமிருந்து... கதவைத் தட்டுகிற சத்தம்.

"அப்பா... கதவைத் தொறப்பா..."

தூரத்தில்...

"அப்பா..."

இன்னும் தூரத்தில்.

பெற்ற பிள்ளையின் குரல் எவனுக்கும் தெரியும். அந்த நேரத்தில் எழில்மொழி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள். கண்ணை விழித்துச் சோறு கேட்டாள்.

அம்சவல்லியிடம் ஓடினான். அவள் வாசலைத் தாண்டி வரவில்லை. உள்ளேயிருந்தே சொன்னாள்: "நான் பேரு சொல்லி அனுப்பலப்பா. அங்க நின்ன ஒண்ணை அனுப்புனேன். எது நின்னுச்சுன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

எனக்கு இதெல்லாம் அவன் சொல்லித்தான் தெரியும். போன வாரம் என்னைக் கூப்பிட்டு அந்தப் பதிவைக் கேட்க வைத்தான். நானும் கேட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

இப்போது தினமும் உச்சி வேளையில் பாட ஆளே இல்லாமல் மைக்கைத் திறந்து வைத்து உட்கார்ந்துவிடுகிறான். மெத்தையை அவிழ்த்து எறிந்துவிட்டான். கதவை விரியத் திறந்து செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறான். ஈஸ்வரியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் பிழைத்துவிட்டாள் என்று சந்தோஷமாக இருக்கிறவளிடம் என்ன சொல்வது?

நான் இருந்த அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். மைக்கருகில் குனிந்து, கெஞ்சுகிற குரலில் பேசினான்.

"எழில்... கதவு தொறந்துதாம்மா இருக்கு. வாம்மா."

பச்சைப் பட்டை லேசாகத் துள்ளியது.

அவன் என் கையைப் பிடித்தான். 

மறுபடி துள்ளியது. கொஞ்சம் பெரிதாக.

வாசலில் நிழல் விழுந்தது. குழந்தை வந்து நின்றது. பட்டையைப் பார்த்தது. அவனைப் பார்த்தது.

குனிந்து செங்கல்லை நகர்த்தியது. கதவை மெதுவாகச் சாத்தியது.