திருப்பிக் கேட்ட கேள்வி

1994இல் உளவியல் மாணவி லோகப்பிரியாவுக்குக் கோவையில் ஒரு மனநல அவசரப் பிரிவில் பயிற்சி. நோயாளி நம்மைப் பற்றி ஏதாவது கேட்டால் பதில் சொல்லாமல் கேள்வியையே திருப்பிக் கேட்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான பாடம்.

தற்கொலைக்கு முயன்ற விவசாயி ஈஸ்வரமூர்த்தியைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார்கள். இரண்டு மணி நேரம் வாயே திறக்காதவர், திடீரென்று அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, சாப்டீங்களா?"

"ஏன் அப்படிக் கேக்கறீங்க?" என்றாள், பாடம் பிசகாமல்.

"தப்பாக் கேட்டுப்போட்டனுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மேற்பார்வையாளர் அவள் குறிப்பேட்டில் 'நன்று' என்று எழுதினார். என்ன நன்றோ!

அன்றிரவு கணபதிப் பகுதியில் தன் வாடகை அறையின் பூட்டைத் திறக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. சத்தியமங்கலத்திலிருந்து வந்து நான்கு மாதம். இந்த ஊரில் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்ட முதல் ஆள் அவர்தான்.