நின்றே தொழ வேண்டும் என்று கேட்ட துஆ

என் வலது காலைப் போலியோ எடுத்தபோது எனக்கு இரண்டு வயது. அது நினைவில்லை, அதனால் அதற்காக நான் அழுததும் இல்லை. அழுதது ஐம்பத்தெட்டு வயதில், இடது கால் நடுங்கத் தொடங்கியபோதுதான். இத்தனை காலமும் என்னைச் சுமந்த கால் அது. அதுவும் போனால் நான் என்ன செய்வேன்?

எங்கள் ஊர் மருதமுனையில் எனக்கு வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. நடந்தால் சரியாகும் என்றார்கள். விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு கடற்கரைக்குப் போய் மணலில் நடந்தேன். நடக்க நடக்கக் கால் இன்னும் சோர்ந்தது. படுத்தால் கால் குடையும், எழும்பினால் மனம் குடையும். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. யா அல்லாஹ், என்னைக் கதிரையில் இருத்திவிடாதே, நின்று தொழும் பலத்தைத் தா என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டேன். நிற்க இயலாதவர் கதிரையில் இருந்து தொழலாம் என்பது எனக்குத் தெரியாததா? எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அது மற்றவர்களுக்கு. எனக்கு வீம்பு.

போன நோன்பில் என் தங்கச்சி ஜெஸீமாவின் வீட்டு விறாந்தையில் பெண்கள் சேர்ந்து இரவில் தராவீஹ் தொழுதோம். ஸஃப்பில் வரிசையாகத் தோளோடு தோள் சேர்ந்து நிற்பது எனக்கு நல்ல தோது. யாருக்கும் தெரியாமல் ஜெஸீமாவின் தோளில் சாய்ந்துகொள்வேன். அன்று ருகூவில் குனிந்து நிமிரும்போது இடது கால் மடங்கிவிட்டது. விழுந்தேன், அவளையும் இழுத்துக்கொண்டு. அவளுடைய மணிக்கட்டு முறிந்துபோனது.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கட்டுப் போட்ட பிறகு, என் நடையைக் கவனித்த இளம் டொக்டர் ஒருவர் என்னையும் இருத்திப் பார்த்தார். சின்ன வயதில் போலியோ வந்தவர்களுக்கு வயது போகும்போது நல்ல காலும் இப்படிச் சோர்வதுண்டாம். இருக்கிற பலத்தைக் காக்க, களைக்கும் முன்பே கதிரையில் இருந்து இளைப்பாற வேண்டுமாம். மணலில் அப்படி நடந்தது கூடாது என்றார். எனக்குக் கோபம் வந்தது. பலம் கேட்டவளிடம் இருக்கவா சொல்வது?

மறுநாள் தராவீஹுக்கு முன், ஜெஸீமா நோகாத கையால் ஒரு கதிரையை இழுத்துவந்து ஸஃப்பில் வைத்தாள்.

"ராத்தா, நீங்க கேட்ட துஆக்குப் பதில் வந்திட்டு. உங்களுக்குத்தான் அது புடிக்கல்ல."

அவளுடைய கட்டுப் போட்ட கையைப் பார்த்தேன். வெட்கமும் அழுகையுமாக அந்தக் கதிரையில் இருந்தேன்.

அன்று தொழுவித்த பெண் ஓதியது முழுவதும் என் காதில் விழுந்தது. சுப்ஹானல்லாஹ், நின்று தொழுத காலமெல்லாம் இப்போது விழுவேனோ, பிறகு விழுவேனோ என்றே நின்றிருக்கிறேன். பக்கத்தில் ஓதியதைக்கூட நான் கேட்டதில்லை.

கால் சுகமாகவில்லை. சில நாட்களில் பழைய பதற்றமும் வருகிறது. ஆனால் இப்போது சமைப்பதும் இருந்துதான், தொழுவதும் இருந்துதான். அதன் பிறகு நான் விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஜெஸீமாவின் கையும் சேர்ந்துவிட்டது.

என்னைப் போலக் காலை இழுத்து நடக்கும் சகோதரிகளே, அவனிடம் கேளுங்கள். தருவான். நீங்கள் வேண்டாம் என்று சொன்னதையே தந்தாலும், ஒரு தரம் வாங்கிப் பாருங்கள்.