பின் படிக்கட்டுக்கு எட்டு பேட்டரி

பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் நான் காவலுக்கு நின்ற ஆறு மாடிக் கட்டடத்தில் கிரிசந்தா அபெல்லானாதான் மின்வேலை பார்த்தாள். மேல்மாடிகளில் தையல், அழகுக்கலை வகுப்புகள். கரண்ட் போனால் எரியவேண்டிய அவசர விளக்குகளும், வெளியே போக வழிகாட்டும் பச்சைப் பலகைகளும் அவள் பொறுப்பு.

அந்தக் கோடையில் அவற்றின் பேட்டரிகள் செத்துக்கொண்டே வந்தன. கூரையடி வெக்கையைத் தாங்குவதாக, உள்ளிருக்கும் சார்ஜருக்கு ஒத்துவருவதாகத் தேடி எழுதிக் கொடுத்தாள். மேலாளர் வில்லாஃப்ளோர் வேறு எதையோ வாங்கி இறக்கினார்.

"வோல்ட்டும் அதேதான், அளவும் அதேதான். இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"வகை வேற சார். நம்ம சார்ஜர் இதை வேகவெச்சிடும்."

"பச்சை எரியுதுல்ல? ஃபயர் இன்ஸ்பெக்டர் டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பாப்பாரு, போயிடுவாரு."

ஒரு மாதம் கழித்து விளக்குகளுக்கான மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கைக்கடிகாரத்தோடு படியில் உட்கார்ந்தாள். தொண்ணூறு நிமிடம் எரியவேண்டும். புதியவை பதினோராவது நிமிடத்தில் அணைந்தன. ஒன்று பன் ரொட்டிபோல உப்பியிருந்தது. மறுபடி எழுதிக் கொடுத்தாள். பதில் இல்லை.

கழற்றிப்போட்ட பழையவற்றைச் சோதித்ததில் எட்டு மட்டும் தேறின. எட்டையும் பின் படிக்கட்டில் மாட்டினாள்.

"முன்பக்கப் படிக்கட்டுக்கு?" என்றேன்.

"அங்க ஜன்னல் இருக்கு அண்ணே, வெளிச்சம் வரும். பின்னாடி கிணறு மாதிரி." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

மூன்றாவது வாரம், மத்தியானம் மூன்று மணிக்கு, இரண்டாம் மாடித் துணிக்கிடங்கில் தீப்பிடித்தது. கரண்ட் போனது. பின் படிக்கட்டின் அடியில் நான் நின்றேன். ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்தபடி, பச்சை வெளிச்சம் விழுந்த முகங்களோடு பெண்கள் இறங்கி வந்தார்கள். நாற்பத்தொரு பேர்.

முன் படிக்கட்டில் கரும்புகை ஜன்னல்களை அடைத்துவிட்டது. பலகைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டே மூன்று பெண்கள் இறந்திருந்தார்கள்.

விசாரணையில் கிரிசந்தா தன் கடிதங்களின் நகல்களைக் கொடுத்தாள். வில்லாஃப்ளோர் மேல் வழக்கு நடக்கிறது. நாற்பத்தொரு பேரைக் காப்பாற்றியவள் என்று ஊர் அவளைச் சொன்னது.

"நாலு நாலா பிரிச்சுப் போட்டிருக்கலாமோ அண்ணே?" என்று என்னிடம் கேட்டாள்.

விசாரணைக்கெல்லாம் முன்பே, தீப்பிடித்த மூன்றாம் நாள், இறந்த ஒருத்தியின் வீட்டுக்கு அவளோடு போயிருந்தேன். சவப்பெட்டியருகே இருந்த தாய் எழுந்து வந்து காப்பி கொடுத்தாள்.

"நீ எம்பொண்ணுகூடப் படிச்சவளா?"

"இல்லம்மா. அந்தக் கட்டடத்துல வேலை பாத்தேன்."

"அப்ப அவளைப் பாத்திருப்பியே," என்று தாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். கிரிசந்தா கோப்பையைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.