நீலச் சட்டைக்காரர் வாங்கிய சிவப்பு போன்

மின்னணுச் சாமான்கள் விற்கும் அந்தப் பெரிய கடையில் எல்லோரும் அவரை நீலம் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிகூடத் தலையைச் சொறிவார். போன் பிரிவில் நீலக் கம்பெனியின் கவுண்டர் அவருடையது. சம்பளத்துக்காக மட்டும் அங்கே நின்றவர் இல்லை. அந்த வேலைக்கு வருவதற்கு முன்பே, இணையத்தில் எவனாவது நீலக் கம்பெனி போனைக் குறை சொல்லிவிட்டால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்துவிடுவார். அந்தச் சண்டைகளைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரர்களே தேடி வந்து நீலச் சட்டையை மாட்டிவிட்டார்கள்.

எதிர்க் கவுண்டர் சிவப்புக் கம்பெனியுடையது. அங்கே நின்ற பெண்ணை இவர் சிவப்பு மேடம் என்பார். நடுவில் இருந்தது ஒரு நடைபாதைதான், ஆனால் இரண்டு நாட்டு எல்லை மாதிரி அதை யாரும் தாண்டுவதில்லை. வாடிக்கையாளர் காதில் விழும்படி, "சிவப்பு போன் வாங்கினா சார்ஜரைக் கட்டிக்கிட்டே குடும்பம் நடத்தணும்" என்பார் நீலம். "அப்டேட் வர்ற அன்னிக்கு போன் நின்னுடும், லீவு போடணும்னு சொல்லித்தானே விக்கிறீங்க, சார்?" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

வீட்டிலும் அதே கட்சிதான். ஒரு வருடம் கம்பெனி, விற்பனையாளர்களின் குடும்பங்களுக்குள் போட்டோப் போட்டி வைத்தபோது, அவரும் மனைவியும் மகளும் ஆளுக்கொரு நீல போனைப் பிடித்துக்கொண்டு நின்ற படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. அதைக் கதவளவுக்குப் பெரிதாக்கி அவர் கவுண்டருக்கு மேலேயே மாட்டினார்கள்.

அந்தப் படத்துக்குப் பிறகுதான் மனைவிக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது. அவள் கடைக்கு அடுத்த தெருவில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். வழக்கமான வாடிக்கையாளர்கள் அவள் போனுக்கே கூப்பிட்டு மாத்திரை சொல்வார்கள். காது கேட்கும் கருவி வாங்கப் போன இடத்தில், பரிசோதித்த பெண் மூடி மறைக்காமல் சொன்னாள்.

"இது சிவப்புக் கம்பெனி போனோட நேரா சேர்ந்துக்கும். பேசறவங்க குரல் காதுக்குள்ளயே கேக்கும். உங்க போன்னா கழுத்துல தனியா ஒரு சின்ன மிஷின் மாட்டிக்கணும். சில சமயம் விட்டு விட்டுத்தான் கேக்கும்."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"கழுத்துல மாட்டறதையே குடுங்க. அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடுவாங்க" என்றார்.

அப்டேட்டுகள் வந்தன, போயின. அவள் ஓரிரு முறை "சரியா கேக்க மாட்டேங்குதுங்க" என்று இழுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். போனில் என்ன கேட்டாலும் "சரி, சரி" என்பாள். சரியாகிவிட்டது என்று அவரும் நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

நீலக் கம்பெனியின் புது போன் அறிமுகமான அன்று கடையில் கால் வைக்க இடமில்லை. ஏரியா மேனேஜர் காலையிலேயே வந்து நின்றார். மதியம் மேடையேறி நீலம் பேச வேண்டும் என்று ஏற்பாடு. மைக்கைக் கையில் வாங்கிய நேரம் பார்த்து மனைவியின் போன் வந்தது. வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. எடுத்தார்.

"ஏங்க, நீங்க பேசறது எனக்குக் கேக்கல. நான் சொல்றதை மட்டும் கேளுங்க." "உங்க கடைக்குப் பின்னாடி சந்துல பச்சைக் கேட்டு வீடு. ரிட்டயர்டு டிரைவர் ஒருத்தர், தனியா இருக்கார். இதயத்துக்கு மாத்திரை கேட்டாரு. ஃபிஃப்டீன், பதினஞ்சுன்னு சொன்னது எனக்கு ஃபிஃப்டி, அம்பதுன்னு கேட்டுச்சு, அதையே குடுத்தனுப்பிட்டேன். இப்பத்தான் டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார். சாப்பிட்டதும் போட்டுக்குவாருங்க. எத்தனை தடவை அடிச்சாலும் எங்கேஜ்டாவே இருக்கு. நான் ஓடி வந்துட்டே இருக்கேன், நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க."

"ஒண்ணாவது போட்டுட்டாரான்னு தெரியுமா?" என்று கத்தினார் நீலம்.

"சரி, சரி" என்றாள் அவள்.

இத்தனை மாதமாகத் தான் கேட்டதெல்லாம் காது கேட்காமலே சொன்ன இந்தச் "சரி"யைத்தானா என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு மைக்கைப் பக்கத்திலிருந்தவர் கையில் திணித்துவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தார்.

"நீலம் சார், எங்க போறீங்க? உங்களைத்தான் கூப்பிடப் போறோம்" என்று ஏரியா மேனேஜர் குரல் கொடுத்தார்.

வாசல் பக்கம் ஆள்சுவர். முட்டினாலும் நகரவில்லை. எதிர்க் கவுண்டரிலிருந்து சிவப்பு மேடம் அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. கவுண்டர் பலகையைத் தூக்கிப் பிடித்து, "இந்தப் பக்கம் பின் கதவு இருக்கு, போங்க" என்றாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மிதிக்காத தரையை மிதித்து அவர் வெளியே ஓடினார்.

பச்சைக் கேட் உள்ளே தாழிட்டிருந்தது. வீட்டுக்குள் டிவி அலறிக்கொண்டிருந்தது. தட்டினார், கூப்பிட்டார், பதில் இல்லை. கம்பியில் கால் வைத்து ஏறிக் குதித்ததில் நீலச் சட்டை விலாப் பக்கம் கிழிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், நாற்காலியில் ஒரு பெரியவர் தலை தொங்கி உட்கார்ந்திருந்தார். எதிரில் சாப்பிட்டு முடித்த தட்டு. பக்கத்தில் பிரித்த மாத்திரை அட்டை.

நீலம் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார். "ஐயா... ஐயா..."

தலை நிமிர்ந்தது. பெரியவர் மடியில் வைத்திருந்த போனைக் குனிந்து குத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

"யாருய்யா நீ? கேட்டு ஏறிக் குதிக்கிற?"

"மருந்துக்கடையிலேர்ந்து வர்றேன் ஐயா. மாத்திரை போட்டுட்டீங்களா?"

"போடல, பிரிச்சுத்தான் பார்த்தேன். டாக்டர் பாதியா குறைச்சிருக்கேன்னார், இது என்னடான்னா பழசைவிடப் பெருசா இருக்கு. கேக்கலாம்னு நானும் அந்தம்மாவுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன், எப்ப அடிச்சாலும் எங்கேஜ்டு." கதவைத் திறந்தவர், ஆளை மேலும் கீழும் பார்த்தார். "காலையில ஃபிஃப்டீன், ஃபிஃப்டீன்னு தொண்டை கிழிய சொன்னேன் தம்பி. எல்லாத்துக்கும் சரி சரின்னாங்க."

நீலம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் மனைவி வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள். மாத்திரைகளை ஒன்று விடாமல் எண்ணிப் பார்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பெரியவரிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். அவர் கொஞ்சம் கோபித்தார், பிறகு குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

சந்தில் நடக்கும்போது நீலம் அவள் முன்னால் வந்து, உதடு தெரியும்படி நின்றார்.

"கேக்கலன்னு ஏன் சொல்லல?"

"சொன்னேனே. அடுத்த அப்டேட்னீங்க." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "அப்புறம் உங்க கடையில அந்தப் போட்டோவைப் பார்த்தா வாயே வரலைங்க."

அவர் அவளைக் கூட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனார். மேடையில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஏரியா மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நீலம் கிழிந்த சட்டையோடு சிவப்புக் கவுண்டரில் போய் நின்று, "மேடம், காது மிஷினோட சேர்ற போன் ஒண்ணு வேணும். இவங்களுக்கு" என்றார்.

சுற்றியிருந்த விற்பனையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்த நாளுக்காகச் சிவப்பு மேடம் எத்தனை கேலியைச் சேர்த்து வைத்திருந்தாளோ, ஒன்றையும் எடுக்கவில்லை. மனைவிக்கு நாற்காலி போட்டு, கருவியைப் போனோடு சேர்த்துவிட்டு, தன் போனை எடுத்துக்கொண்டு குளிர்சாதனப் பெட்டிகளின் பக்கம் போய் மறைந்தாள். மணி அடித்தது. மனைவி எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆமாம், டீச்சராகணும்னுதான் படிக்கிறா, கடைசி வருஷம்" என்றாள். மகளைப் பற்றி அந்தப் பக்கம் கேட்ட கேள்விக்குப் பதில் அது. நீலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏரியா மேனேஜர் பக்கத்தில் வந்து அடிக்குரலில், "சட்டையையாவது மாத்திட்டு வந்து வாங்கியிருக்கலாமே சார்" என்றார்.

"தோணல சார்."

யாரோ எடுத்த படம் ஒன்று கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. நீலச் சட்டை, சிவப்புக் கவுண்டர். அந்த வாரமே கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. சுவரிலிருந்த குடும்பப் படமும் இறங்கியது. கடை முதலாளி ஆளை இழக்க மனமில்லாமல் துணி துவைக்கும் இயந்திரங்களின் பிரிவில் போட்டார். மனைவி நடந்ததைத் தன் முதலாளியிடம் மறைக்காமல் சொன்னாள். சில நாள் போன் ஆர்டர் எடுக்க விடவில்லை. இப்போது மறுபடி எடுக்கிறாள், மாத்திரையின் அளவை வாடிக்கையாளரிடம் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறாள்.

சிவப்புக் கம்பெனியில் ஆள் தேவைப்பட்டபோது சிவப்பு மேடம் அவரைக் கேட்டாள். "எங்க பக்கம் வந்துடுங்களேன் சார்."

"நீங்க செஞ்சதை மறக்க மாட்டேன் மேடம். ஆனா அது மட்டும் என்னால ஆகாது" என்றார் நீலம். அவர் பையில் இன்னும் நீல போன்தான் இருக்கிறது. சாப்பிடும்போது மட்டும் இணையத்தில் பதில் எழுதுவதில்லை.

போன வாரம் மனைவி வேலையிலிருந்து கூப்பிட்டு, வரும்போது சோப்பு வாங்கி வரச் சொன்னாள். சரியென்று சொல்லி, வைப்பதற்கு முன், "அந்த டப்பா போன்ல உன் குரல் தகரத்துல தட்டற மாதிரி இருக்கு" என்று வாய்க்குள் முனகினார்.

"தகரமா இருந்தா வீட்டுக்கு வந்து நேர்ல பேசுங்க" என்றாள் அவள்.