பச்சைத் தகரம்

இன்று மலையூரான ரிங்லெட்டின் கடைத்தெருவுக்குப் பின்னால் யாரோ ஈர விறகை மூட்டியிருந்தார்கள். அந்தப் புளித்த புகை மூக்கில் ஏறியதும், இப்போது பூத்தோட்டங்களின் பிளாஸ்டிக் கூடாரங்களுக்கு அடியில் போய்விட்ட எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம், பனியும் ஒழுகும் கூரைகளுமாக எழுந்து வந்தது.

புருஷனை இழந்த செல்லம்மா அக்காவின் கூரை துருவேறி ஓட்டையாகியிருந்தது. தோட்டத்துக் கொத்தனாரான அப்பாவும் இரண்டு தச்சர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மாற்றினார்கள். எங்கள் லயத்தில் அதற்கொரு முறை இருந்தது: வீட்டுக்காரர் இல்லாதபோதுதான் வேலை நடக்கும், யாருக்கும் அவர் நன்றி சொல்லும்படி ஆகக் கூடாது, எந்த வீட்டிலிருந்து கழற்றிய தகரம் என்பதும் தெரியக் கூடாது.

"செல்லம்மாவ டவுனுக்குக் கூட்டிட்டுப் போ. மெதுவா வாங்க லா," என்று அன்று காலையில் அப்பா அம்மாவிடம் சொன்னார்.

ஆனால் அதற்காகக் கழற்றிய எங்கள் விறகுக் கொட்டகைத் தகரம் பச்சைச் சாயம் பூசியது என்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். திரும்பி வந்த அக்கா அண்ணாந்து பார்த்தாள்; எங்கள் கொட்டகைப் பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டு உள்ளே போனாள்.

கூரையில்லாத கொட்டகையில் எங்கள் விறகு நனைந்து, அடுப்பு புகைந்து புகைந்து, அம்மா ஊதுகுழலும் இருமலுமாகவே அந்த மழைக்காலத்தைக் கழித்தாள். ஒரு விடியற்காலை வாசலில் ஒரு கட்டு விறகு கிடந்தது. எங்கள் கொட்டகையிலிருந்து போன விறகுதான், நன்றாகக் காய்ந்து, அடுப்பருகே இருந்த சூடு ஆறாமல்.

"செல்லம்மாதாங்க. போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்," என்றாள் அம்மா.

"வேணாம் லா. நாம தூங்கறப்பதானே வெச்சிட்டுப் போயிருக்கு," என்றார் அப்பா.

அன்று மாலை அம்மா ஈர விறகில் ஒரு கட்டு எடுத்து, காய்ந்த கட்டு கிடந்த அதே இடத்தில் வாசலில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.